ஆமையும் அமீனாவும்

கொண்டாவிலில் இருந்து ஒரு தம்பி மிருக வைத்தியரான எனக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். அவருடைய கேள்வியைச் சுருக்கித் தருகிறேன்: "என்னிடம் 9 சிவப்புக்காது ஆமைகளும் 2 நட்சத்திர ஆமைகளும் இருக்கின்றன. ரொறன்ரோவில் இருக்கும் சித்தி ஒரு வீடியோ அனுப்பினார். அதில் ஒருவருடைய வீட்டில் இருந்த பாம்பு, பல்லி எல்லாவற்றையும் 'அனிமல் ஹோர்டிங்' (விலங்குகளைக் குவித்து வைத்திருப்பது) என்று சொல்லி அதிகாரிகள் அள்ளிக்கொண்டு போகிறார்கள். இங்கே பக்கத்து வீட்டு அங்கிள் மணக்குது என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பீ.எச்.ஐ.) சொல்லப் போகிறாராம். எத்தனை ஆமை வரை வைத்திருக்கலாம்? இங்கிலாந்தில் லெஸ்ரரில் மச்சான் 40 பல்லி வளர்க்கிறான், அவனை ஒருவரும் கேட்பதில்லையே? இன்னொன்று, சிவப்புக்காதில் ஒன்று இரண்டு கிழமையாகக் கண் திறக்கவில்லை."

கடைசியாகச் சொன்னதுதான் மிக அவசரமானது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

எண்ணிக்கையைக் கேட்டீர்கள். வீட்டில் ஆமை இத்தனைதான் இருக்கலாம் என்று வரம்பு போடும் சட்டம் இலங்கையில் இல்லை. 'அனிமல் ஹோர்டிங்' என்ற பெயரில் ஒரு குற்றமும் எங்கள் சட்டத்தில் இல்லை. ஆனால் உங்களிடம் இருப்பவற்றில் நட்சத்திர ஆமைக்கு ஒரு வரம்பு உண்டு. அது பூச்சியம். நீங்கள் ஒன்பதை நினைத்துப் பயந்துகொண்டிருக்கிறீர்கள். உங்களை நீதவான் நீதிமன்றம் வரை இழுக்கக்கூடியவை மற்ற இரண்டும்.

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்று என் அம்மம்மா சொல்லுவார். அமீனா என்றால் கோட்டுக் கட்டளையோடு வந்து சாமான் சட்டியைத் தூக்கிக்கொண்டு போகிற ஆள். இத்தனைக்கும் அம்மம்மாவின் கிணற்றிலேயே ஒரு கறுத்த ஆமை இருந்தது. வாளி விடும்போது அதன் முதுகில் படாமல் பார்த்துத்தான் விடுவார். பழமொழி ஒரு பக்கம், ஆமை ஒரு பக்கம். அந்தக் காலத்தில் அவரை ஒருவரும் கேட்கவில்லை. இன்றைக்கு அந்தக் கிணற்று ஆமையும் பாலாமையும்கூடச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. அதாவது ஆமையின் பின்னால் அமீனா வரக்கூடிய காலம் இப்போதுதான்.

விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937இல் வந்தது. பல தடவை திருத்தப்பட்டு, 2009 திருத்தத்தோடு இறுகியது. நட்சத்திர ஆமை, உடும்பு, கபரக்கொய்யா, வெங்கிணாந்தி (மலைப்பாம்பு) எல்லாம் அதற்குள் வருகின்றன. பிடிப்பது, கொல்வது, விற்பது மட்டும் குற்றம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அனுமதி இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். "வன்னியில் காணி துப்புரவாக்கும்போது அப்பாவுக்கு அகப்பட்டது, நாங்கள் தேடிப் போகவில்லை" என்று நீங்கள் எழுதியிருப்பது உண்மையாகவே இருக்கும். ஆனால் அது அனுமதிப்பத்திரம் ஆகாது. நன்றாகப் பார்க்கிறீர்களா, பட்டினி போடுகிறீர்களா என்பதும் அந்தச் சட்டத்துக்கு அடுத்த கேள்விதான். ஒன்று இருந்தாலும் அகப்பட்டது அகப்பட்டதுதான்.

இவ்வளவு கடுமை ஏன் என்றால், இந்த ஆமையின் ஓட்டில் இருக்கும் நட்சத்திரக் கோலம்தான் அதற்கு எமன். இந்தியாவில் இருந்தும் இலங்கையில் இருந்தும் கிழக்காசியச் சந்தைகளுக்குக் கடத்தப்படும் ஆமைகளில் இது முன்வரிசையில் நிற்கிறது. பயணப் பெட்டிக்குள் அசையாமல் இருக்கத் துணியால் சுற்றி, உருளைக்கிழங்கு அடுக்குகிற மாதிரி அடுக்கிக் கொண்டுபோவார்கள். அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைற்ஸ் உடன்படிக்கையின் முதலாம் பட்டியலுக்கு 2019இல் இதை ஏற்றினார்கள். முதலாம் பட்டியல் என்றால் காட்டில் பிடித்தவற்றை நாடு விட்டு நாடு வணிகம் செய்வது அறவே தடை. அதை முடிவெடுத்த மாநாடு கொழும்பில் நடக்க இருந்தது. உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு ஜெனீவாவுக்கு மாற்றினார்கள். இல்லாவிட்டால் எங்கள் ஆமையின் தலையெழுத்து எங்கள் ஊரிலேயே எழுதப்பட்டிருக்கும்.

சரி, இப்போது அந்த இரண்டையும் என்ன செய்வது? முதலில் என்ன செய்யக்கூடாது என்று சொல்கிறேன். இரவோடு இரவாகக் கொண்டுபோய்ப் பற்றைக்குள் விடாதீர்கள். வீட்டில் வளர்ந்த ஆமையிடம் மூக்கு வடிதல் போன்ற நோய் வெளியே தெரியாமல் இருக்கலாம், அது காட்டில் இருப்பவற்றுக்கும் தொற்றும். தக்காளியும் சோறும் தின்று பழகியது மாரி முடிந்து புல் காய்ந்ததும் என்ன செய்யும் என்பது வேறு கேள்வி. யாருக்காவது கைமாற்றிவிடவும் கூடாது, அது இரண்டாவது குற்றம். ஒரு சட்டத்தரணியிடம் ஒரு மணித்தியாலம் பேசுங்கள். அவர் மூலம் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு நீங்களாகவே அறிவித்து ஒப்படையுங்கள். தானாகப் போய்க் கொடுப்பவரையும் அகப்பட்டுக்கொண்டு நிற்பவரையும் எந்த அதிகாரியும் ஒரே கண்ணால் பார்க்க மாட்டார் என்பது என் அனுபவம். அது சட்ட உத்தரவாதம் ஆகாது, அதனால்தான் சட்டத்தரணியை முதலில் சொன்னேன்.

இனி உங்கள் சித்தியின் வீடியோ. மேற்கு நாடுகளில் இந்த 'ஹோர்டிங்' என்ற சொல் எதைக் குறிக்கிறது என்று தெரிந்தால் உங்கள் பயம் பாதி இறங்கிவிடும், மற்றப் பாதி சரியான இடத்துக்குப் போய் உட்காரும்.

அமெரிக்காவில் கேரி பட்ரோனெக் என்ற மிருக வைத்தியர் 1990களின் கடைசியில் இதை ஆராயத் தொடங்கினார். அவரும் கூட இருந்தவர்களும் சொன்னதன் சாரம்: நிறைய விலங்குகளை வைத்திருப்பது, அவற்றுக்குத் தேவையான தீன், இடம், சுத்தம், வைத்தியம் கொடுக்க முடியாமல் போவது, அப்படி முடியவில்லை என்பதைத் தானே உணராமல் இருப்பது. இந்த மூன்றாவதுதான் உயிர்நாடி. 2001இல் இல்லினோய் மாநிலம் இதைச் சட்டத்தில் வரையறுத்தபோது நாலு விடயங்களைச் சேர்த்துக் கேட்டது: எண்ணிக்கை பெரிதாக இருக்க வேண்டும், பராமரிப்புத் தவறியிருக்க வேண்டும், கடும் நெரிசல் இருக்க வேண்டும், அந்த நிலைமையை அவர் உணராதவராகவோ பொருட்படுத்தாதவராகவோ இருக்க வேண்டும். எண்ணிக்கை மட்டும் போதாது. 2013இல் வெளிவந்த அமெரிக்க மனநோய்க் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, பொருட்களைச் சேர்த்துக் குவிக்கும் நோயைப் பேசும் இடத்தில் விலங்குகளைச் சேர்ப்பதையும் குறிப்பிடுகிறது. ஆகவே இது பாதி பொலிஸ் விடயம், பாதி வைத்தியர் விடயம்.

இந்தச் சட்டங்கள் எல்லாம் நாயையும் பூனையையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. எண்ணிக்கை வரம்பு இருக்கும் இடங்களிலும் அப்படித்தான். ரொறன்ரோவில் ஒரு வீட்டில் 3 நாய், 6 பூனை என்று மாநகர விதி இருக்கிறது. ஊர்வனவுக்கு அங்கே வேறு அளவுகோல்: 3 மீற்றருக்கு மேல் வளரும் பாம்பினம் கூடாது, 2 மீற்றருக்கு மேல் வளரும் பல்லியினம் கூடாது, முதலை கூடாது, நஞ்சுள்ளது கூடாது. தலையை எண்ணாமல் நீளத்தை அளக்கிறார்கள். ஹவாயில் கொண்டுவந்த ஹோர்டிங் சட்டம் நாய் பூனையைத்தான் எண்ணியது. பாம்பைப் பற்றி அதில் பேச்சே இல்லை, ஏனென்றால் வீட்டில் பாம்பு வளர்ப்பதே அங்கே முற்றாகத் தடை.

லெஸ்ரர் மச்சானுக்கு வருவோம். இங்கிலாந்திலும் வேல்சிலும் 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் இருக்கிறது. முதுகெலும்புள்ள எந்த வளர்ப்பு விலங்கும் அதற்குள் வரும், பல்லியும் ஆமையும் சேர்த்து. எண்ணிக்கையைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. வளர்ப்பவருக்கு ஒரு கடமையைச் சுமத்துகிறது: பொருத்தமான இடம், பொருத்தமான உணவு, இயல்பாக நடந்துகொள்ள வழி, தனியாகவோ கூட்டாகவோ இருக்கவேண்டியதற்கு ஏற்ற ஏற்பாடு, நோவு நோயில் இருந்து காப்பு. 40 பல்லிக்கும் இது கிடைத்தால் அவனை யார் கேட்பது? ஒரே ஒரு பல்லிக்குக் கிடைக்காவிட்டாலும் கேட்கலாம். கொடுமைக்கு அதிகபட்சத் தண்டனையை 2021இல் ஐந்து வருடச் சிறையாக உயர்த்தினார்கள். இனிமேல் விலங்கே வைத்திருக்கக் கூடாது என்று கோட்டுத் தடை போடவும் முடியும். ஒன்றை மட்டும் அவனிடம் விசாரியுங்கள்: குஞ்சு பொரிக்க வைத்து வியாபாரமாக விற்கிறானா? அப்படியென்றால் 2018 விதிகளின்படி உள்ளூராட்சி சபையிடம் உரிமம் எடுத்திருக்க வேண்டும். மச்சான்மார் வழக்கமாக இந்த இடத்தில்தான் பேச்சை மாற்றுவார்கள்.

நாய்க்குத் தைத்த சட்டையை ஊர்வனவுக்குப் போட்டால் என்ன நடக்கும்? இரண்டு பக்கமும் பிழையாகப் போகும். நல்லாக வளர்ப்பவர் குற்றவாளி மாதிரித் தெரிவார், மோசமாக வளர்ப்பவர் நல்ல பிள்ளை மாதிரித் தெரிவார்.

வெளிநாடுகளில் 'போல் பைத்தன்' என்று ஒரு சின்ன வெங்கிணாந்தி இனத்தை வளர்ப்பார்கள். மேற்கு ஆபிரிக்காவில் இருந்து வந்தது, பயந்தால் பந்து மாதிரிச் சுருளும். இனப்பெருக்கம் செய்பவர்கள் அதை மருந்துக்கடை இலாச்சி மாதிரி அடுக்குகளில், ஒரு இலாச்சிக்கு ஒன்றாக வைத்திருப்பார்கள். ஒரு அறையில் அறுபது எழுபது இருக்கும். நாயை மட்டும் பார்த்துப் பழகிய அதிகாரி கதவைத் திறந்ததும் என்ன நினைப்பார்? இருட்டு, சின்னப் பெட்டி, தீன் கோப்பை இல்லை, எதுவும் அசையவில்லை. ஆனால் அந்தப் பாம்பு ஒரு கிழமைக்கோ இரண்டு கிழமைக்கோ ஒருமுறைதான் தின்னும். வளர்ந்தது மாதக்கணக்கில் வாய் வைக்காமல் இருந்தும் சுகமாக இருக்கும். ஒடுக்கமான இருட்டுப் பொந்து அதற்கு விருப்பமானது. (இலாச்சி முறை சரியா என்று வளர்ப்பவர்களுக்குள்ளேயே பெரிய சண்டை இருக்கிறது. நீட்டி நிமிர இடம் இல்லாத இலாச்சியை நான் ஏற்க மாட்டேன். அது வேறு வழக்கு.)

மற்றப் பக்கத்தைப் பாருங்கள். பட்டினி கிடக்கும் நாய் குரைக்கும், எலும்பு தெரியும், அயல் முழுக்கக் கேட்கும். பட்டினி கிடக்கும் ஆமை சும்மா இருக்கும். சுகமாக இருக்கும் ஆமையும் சும்மாதான் இருக்கும். ஓட்டுக்குள் இருப்பது எலும்பும் தோலுமா, சதையா என்று கண்ணுக்குத் தெரியாது. ஊர்வன சாவதற்கு மாதங்கள் எடுக்கும், சில வேளை வருடம். அதனால்தான் ஊர்வனவைக் குவித்து வைத்திருப்பவர்களின் கதை வெளியே வருவதற்குள் பெரும்பாலும் காலம் கடந்துவிடுகிறது.

இரண்டு மூன்று வருடத்துக்கு முன் ஒருவர் பால்மாப் பேணிக்குள் ஒரு ஆமையைக் கொண்டு வந்தார். "தீன் எடுக்குதில்லை டொக்டர், மற்றபடி நல்லா இருக்கு" என்றார். கையில் எடுத்து ஓட்டின் ஓரத்தைப் பெருவிரலால் அமத்தினேன். பழுத்த கொய்யாப்பழம் மாதிரி உள்ளே போய் மெதுவாக மேலே வந்தது. ஓடு அப்படி வளையக் கூடாது. என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டேன். சோறு, இடைக்கிடை வெள்ளரிக்காய். எங்கே வைத்திருந்தீர்கள்? குளியலறையில். ஒன்றரை வருடம். யாழ்ப்பாணத்து வெயிலை விற்கலாம் என்றால் நாங்கள் எல்லோரும் கோடீஸ்வரர்கள். அந்த ஆமைக்கு மட்டும் அதில் ஒரு கீற்றுக் கிடைக்கவில்லை. வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் இல்லாமல் ஆமையின் உடம்பு சுண்ணாம்புச் சத்தைப் பிடிக்காது. கண்ணாடி யன்னலுக்கு உள்ளே விழும் வெயிலும் உதவாது, அந்தக் கதிரைக் கண்ணாடி மறித்துவிடும். அவர் கொடுமைக்காரர் இல்லை. பேணிக்குள் ஒரு துணியை மடித்துப் போட்டுத்தான் கொண்டு வந்திருந்தார். அந்த ஆமை பிழைக்கவில்லை.

எங்கள் சட்டம் இதை எப்படிப் பார்க்கும்? மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் 1907இல் வெள்ளைக்காரன் போட்டது. ஆச்சரியம் என்னவென்றால், அடைத்து வைத்திருக்கும் பறவை, மீன், ஊர்வன மூன்றையும் 'மிருகம்' என்ற சொல்லுக்குள் அது அப்போதே சேர்த்துவிட்டது. தண்டப்பணம்தான் சிரிப்பு: அதிகபட்சம் 100 ரூபா. மூன்று மாதம் வரை மறியலும் போடலாம் என்று இருக்கிறது, போட்டதை நான் கண்டதில்லை. இதை மாற்ற 2006இல் சட்ட ஆணைக்குழு ஒரு விலங்கு நலச் சட்டவரைவைத் தயாரித்தது. பல வருடமாக அது வரைவாகவே இழுபட்டது. இன்றைய கணக்கில் 100 ரூபாவுக்கு ஒரு பிளேன்ரீயும் ஒரு வடையும் வாங்கினால் மிச்சம் ஒன்றும் இராது.

இதன் விளைவு விசித்திரமானது. நட்சத்திர ஆமையை அரண்மனையில் வைத்துப் பார்த்தாலும் குற்றம் பெரிது. சிவப்புக்காது ஆமையைக் குளியலறையில் வைத்து ஒன்றரை வருடத்தில் சாகடித்தால் நூறு ரூபா. இனத்தைக் காக்கும் சட்டத்துக்கு இங்கே பல் இருக்கிறது, உயிரைக் காக்கும் சட்டத்துக்கு இல்லை. வெளிநாட்டு ஹோர்டிங் சட்டம் தேடுவது இந்த இரண்டாவதை. இங்கே அது தேவையில்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

வலிகாமத்தில் ஒரு வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஊரைச் சொல்லமாட்டேன். ஓய்வுபெற்ற ஒரு ரீச்சர், பிள்ளைகள் மூன்று பேரும் வெளியில், ஆறு அறை வீட்டில் தனியாக. பூனை நாற்பதுக்கு மேல், நாய் எட்டு, பின் வளவில் ஒரு பழைய சீமெந்துத் தொட்டிக்குள் ஆமைகள். தொட்டித் தண்ணீர் பச்சை நிறத்தில் தடித்துப்போயிருந்தது. கோலால் கிண்டினால் வெறும் ஓடுகளும் வந்தன. எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று அவருக்குத் தெரியவில்லை. "இவையள் எல்லாம் என்னோட சந்தோசமாத்தான் இருக்கினம்" என்றார். பொய் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் தெரிந்தது. இல்லினோய்ச் சட்டத்தின் நாலாவது நிபந்தனையை நான் புத்தகத்தில் படித்திருந்தேன், அன்றைக்கு நேரில் பார்த்தேன். பிறகு தேத்தண்ணீர் தந்துகொண்டே சொன்னார்: 1995 யுத்த இடப்பெயர்வில் நாயைச் சங்கிலியைக் கழற்றிவிட்டு வந்தாராம், நாவற்குழி தாண்டும்வரை அது பின்னால் வந்ததாம். அதற்குப் பிறகு வாசலுக்கு வந்த ஒன்றையும் அவர் திருப்பி அனுப்பியதில்லை.

அப்படிப்பட்டவரைக் கோட்டுக்கு ஏற்றி என்ன கிடைக்கும்? அவர் கட்டக்கூடிய 100 ரூபாவா? எல்லாவற்றையும் ஒரே நாளில் அள்ளிக்கொண்டு போனால் ஆறு மாதத்தில் வீடு திரும்ப நிறைந்துவிடும். இதை ஆராய்ந்தவர்களும் திரும்பத் திரும்பச் சொல்வது, தண்டித்து மட்டும் விட்டால் மறுபடி சேர்ப்பார்கள் என்பதைத்தான். நாங்கள் செய்தது சின்ன வேலை. ஒரு மகளோடு தொலைபேசியில் கதைத்து, வாரத்தில் மூன்று நாள் ஒரு ஆளைப் பிடித்து, பூனைகளுக்குக் கருத்தடை செய்து, தொட்டியை இறைத்தோம். எண்ணிக்கை இன்னும் கூடத்தான். ஆனால் இப்போது எத்தனை என்று அவருக்குத் தெரியும்.

பறிமுதல் செய்வதில் ஊர்வனவுக்கென்று இன்னொரு சிக்கல் இருக்கிறது. நாயைப் பிடித்தால் நாய்க் காப்பகம் இருக்கும். குளிர் நாட்டில் அறுபது பாம்பைப் பிடித்தால் எங்கே வைப்பது? ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு வெப்பம், வெவ்வேறு ஈரப்பதம், வெவ்வேறு இரை. அதைத் தெரிந்த ஆள் காப்பகங்களில் குறைவு. காப்பாற்றப் போய்ச் சாகக்கொடுத்த கதைகள் உண்டு. இதனால் வளர்ப்பவர்கள் பயந்து ஒளிக்கத் தொடங்குகிறார்கள், நோய் வந்தாலும் வைத்தியரிடம் கொண்டுபோவதில்லை. என்னைக் கேட்டால், சட்டம் கொண்டுவரக்கூடிய மிகப் பெரிய தீமை இதுதான். அவுஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் போன்ற மாநிலங்கள் வேறு வழியில் போகின்றன: உள்நாட்டுப் பாம்பு, பல்லி, ஆமை வளர்க்க உரிமம் எடுக்க வேண்டும். ஆளைத் தெரியும், விலங்கைத் தெரியும், ஒளிக்கத் தேவையில்லை. எனக்கு அந்த முறைதான் பிடித்திருக்கிறது.

இப்போது உங்கள் ஒன்பது. அமெரிக்காவின் மிசிசிப்பிப் பக்கத்து ஆமை அது. கடையில் வாங்கும்போது பிஸ்கட் அளவுதான். பெண் வளர்ந்தால் ஓடு மட்டும் 25 சென்றிமீற்றரைத் தாண்டும், நன்றாகப் பார்த்தால் 30 வருடம் இருக்கும். நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது உடுப்புத் தோய்க்கிற இரண்டு பேசின். கரையேறி வெயில் காய ஒரு கல்லுக்கூட இல்லை. சட்டத்தில் இல்லாவிட்டாலும் என் கணக்கில் இது நெரிசல்தான். கோபிக்க வேண்டாம்.

பக்கத்து வீட்டு அங்கிளின் மூக்கிலும் பிழை இல்லை. அவருடைய முறைப்பாட்டுக்கு விலங்குச் சட்டமே தேவைப்படாது. 1979ஆம் ஆண்டுக் குற்றவியல் நடவடிக்கை முறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவில் பொதுத் தொல்லையை அகற்றச் சொல்லி நீதவான் கட்டளையிடலாம். பீ.எச்.ஐ. வந்தால் முதலில் தேடுவது நுளம்புக் குடம்பியை, அதற்கு 2007ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. ஆமை நீந்தும் பேசினில் அது பெரும்பாலும் இராது. தண்ணீர் மாற்றுவதற்கென்று நிரப்பி மூலையில் வைத்திருக்கிறீர்களே நாலு வாளி, அதில்தான் மாட்டுவீர்கள். மூடி வையுங்கள், அல்லது கவிழ்த்து வையுங்கள்.

அழுக்குத் தண்ணீரைக் கிணற்றடியில் ஊற்றாதீர்கள். எங்கள் சுண்ணாம்புக்கல் நிலத்தில் மேலே ஊற்றியது கீழே போகக் கன நேரம் எடுக்காது, அந்தக் கிணற்றைத்தான் குடிக்கிறீர்கள். ஆமைகளின் குடலில் சல்மொனெல்லா என்ற கிருமி சாதாரணமாக இருக்கும், ஆமைக்கு ஒன்றும் செய்யாது, சின்னப் பிள்ளைக்குச் செய்யும். அமெரிக்காவில் 1975இல் இருந்து 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்கத் தடை, காரணம் இதுதான்: பிள்ளைகள் அதை வாயில் வைத்தார்கள். தண்ணீரை வாழைக்கு விடுங்கள். வாழை உங்களைக் கும்பிடும். பேசினைக் குசினித் தொட்டியில் கழுவ வேண்டாம்.

ஒன்பதும் கூட என்று தோன்றினால் குளத்தில் விடும் யோசனை வரும். கோயில் கேணி, ஆரியகுளம், வழுக்கையாறு எதிலும் விடாதீர்கள். உலகின் மிக மோசமான 100 அந்நிய ஊடுருவல் இனங்களின் பட்டியலில் இந்த ஆமை இருக்கிறது. எங்கள் பாலாமை வெயில் காயும் இடத்தையும் தின்னும் இரையையும் இது பறிக்கும். வளர்க்கத் தெரிந்த ஆட்களுக்குக் கொடுங்கள். மூன்றை வைத்துக்கொண்டு ஒரு சீமெந்துத் தொட்டி கட்டுங்கள். பாதி வெயில், பாதி நிழல், ஏறிப் படுக்க ஒரு சரிவு, அடியில் தண்ணீர் திறந்துவிட ஒரு குழாய். குழாயை மறந்தால் மூன்று மாதத்தில் சலித்துப்போவீர்கள்.

ஒரு கொப்பி போடுங்கள். எந்த ஆமை, எப்போது வந்தது, எங்கே வாங்கியது, மாதம் ஒருமுறை நிறை, எப்போது தண்ணீர் மாற்றியது. கடைப் பற்றுச்சீட்டு இருந்தால் அதற்குள் ஒட்டுங்கள். நாளைக்கு யார் வாசலில் வந்து நின்றாலும் அந்தக் கொப்பியை நீட்டலாம். நிறை இரண்டு மாதம் தொடர்ந்து இறங்கினால் ஆமை சொல்லாததை அது சொல்லும்.

கண் திறக்காத ஆமையைப் பற்றி. கூனி இறால் மட்டும்தான் போடுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். அப்படி வளரும் ஆமைக்கு விற்றமின் ஏ குறைந்து கண்ணிமை வீங்கி மூடிக்கொள்ளும். கண் தெரியாவிட்டால் அது தீனையும் தேடாது, அதனால்தான் இரண்டு கிழமை என்றதும் பயந்தேன். கடையில் சொட்டு மருந்து வாங்கி நீங்களாக விட வேண்டாம், விற்றமினும் கூடினால் நஞ்சு. மற்ற எட்டுக்கும் இன்றைக்கே கங்குன் கீரையும் துருவிய கரட்டும் முள்ளோடு சின்ன மீனும் போடத் தொடங்குங்கள்.

அந்த ஒன்றை நாளைக்குக் காலையில் கொண்டு வாருங்கள். வாளியில் தண்ணீரோடு வேண்டாம், காட்போட் பெட்டியில் ஈரத் துணி போட்டுக் காற்றுக்கு நாலு ஓட்டை குத்தினால் போதும். நட்சத்திர ஆமை இரண்டையும் "எதற்கும் ஒருக்கால் டொக்டரும் பார்க்கட்டும்" என்று சொல்லி மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்துவிடாதீர்கள். வழியில் பொலிஸ் மறித்தால் என்னால் மருந்து எழுதித்தான் தர முடியும்.